நெத்திலிக் கருவாட்டுக்காரரின் நாக்கு

நெமோத்தோவின் நாக்கு செத்து எட்டு மாதம் ஆகிறது. அடக்கம்தான் இன்னும் செய்யவில்லை.

பிப்ரவரியில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து காப்பி குடித்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. ஊறுகாயைக் கடித்தார், ரப்பர். "சிலருக்குத் திரும்பி வரும்" என்றார் டாக்டர். தானும் அந்தச் சிலரில் ஒருவர்தான் என்று நெமோத்தோ ஏப்ரல் வரை நம்பினார். அப்புறம் நம்புவதுபோல் நடித்தார்.

வேறு யாராவது என்றால் ஊரெல்லாம் சொல்லி அனுதாபம் வாங்கியிருக்கலாம். இவர் வேலை அப்படிப்பட்டதல்ல. நூடுல்ஸ் கடைகளுக்கு சூப்பில் போட நெத்திலிக் கருவாடு விற்பவர். ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை செந்தாய், மொரியோகா, அவோமோரி, ஹக்கோதாத்தே என்று ரயிலில் சுற்றுவார். ஒரு நாளைக்கு மூன்று கிண்ணம். கடைக்காரருக்கு எதிரே சாப்பாட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, "கருவாடு ஒரு கை கூட்டுங்க" என்பார். இல்லையென்றால் "கடற்பாசிய முன்னாடியே எடுத்துடுங்க" என்பார். கட்டிய பெண்டாட்டி சொல்லியும் கேட்காத சமையல்காரர்கள் இவர் சொன்னால் கேட்டார்கள்.

வீட்டில் இவருக்காக ஒரு கள்ளிச்செடி காத்திருந்தது. அதுவும் ரொம்ப ஆவலாகக் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. "வந்துட்டீங்களா!" என்று இவரைப் பார்த்துச் சொல்ல உலகத்தில் இருந்தது அந்தப் பத்தொன்பது கடைகள்தான். நாக்கு விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். அந்தப் பத்தொன்பது "வந்துட்டீங்களா"வும் போகும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். சூப்பைப் பார்க்காமல் கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். முகம் வாடியிருந்தால் "கருவாட்டக் கூட்டுங்க." மலர்ந்திருந்தால் "இப்படியே இருக்கட்டும்." ஏப்ரலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அக்டோபரில் மொரியோகாவில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார். அந்த ஊர் நூடுல்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர் பாதிதான் சமைப்பார். காடி, மிளகாய் எண்ணெய், பூண்டு எல்லாம் முன்னால் இருக்கும். அவரவர் நாக்குக்கு அவரவர் கலந்துகொள்ள வேண்டும். நெமோத்தோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவள் காடி ஊற்றினால் இவரும் ஊற்றினார். அவள் பூண்டு போட்டால் இவரும் போட்டார்.

"என்ன சித்தப்பா, பரீட்சையில பாத்து எழுதுற மாதிரி பண்றீங்க?" என்றாள் அவள்.

"புதுசும்மா. பழக்கமில்ல" என்றார், முப்பது வருஷமாக அந்தக் கடைக்கு வருகிறவர்.

அவள் சிரிக்காமல் மிளகாய் எண்ணெயை எடுத்து ஆறு கரண்டி ஊற்றினாள். இவரும் ஆறு. அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து இவர் பக்கம் திரும்பினாள். "நான் இதத் தொடமாட்டேன். நீங்க?"

நெமோத்தோ முழுசும் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, தொண்டை பற்றி எரிந்தது. நாக்கு மட்டும் அசையவில்லை. "ஐயையோ சித்தப்பா, விளையாட்டுக்குத்தான் பண்ணேன், நிறுத்துங்க" என்று அவள் தண்ணீரை நீட்டினாள். காரத்துக்கு அழுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

கடைசி ஊர் ஹக்கோதாத்தே. டிராம் பாதையை ஒட்டி அகேமியின் கடை. மதியம் பன்னிரண்டே கால். பதினோரு இருக்கையில் ஒன்றில் மட்டும் டாக்சிக்காரர் ஒகாபே இருந்தார்.

"வந்துட்டீங்களா!" என்றாள் அகேமி. முகம் இளைத்திருந்தது. "ரயில்ல கூட்டமா? குளிருதா அங்கெல்லாம்?" பேசிக்கொண்டே இரண்டு கிண்ணங்களை வைத்தாள், சூப்பை ஊற்றினாள், நூடுல்ஸை உதறிப் போட்டாள். அவள் கடையின் உப்பு ராமென் நூடுல்ஸுக்கு ஊற்றும் சூப்பு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்.

நெமோத்தோ உறிஞ்சினார், கண்ணை மூடினார், பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்து வெற்றுக் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அங்கே கிடையாது. வாடிய முகமாயிற்றே, கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று, "இந்த வருஷம் நான் குடிச்சதுலயே இதுதான் பிரமாதம் அகேமி சான். உப்பு அப்படியே நிக்குது" என்றார்.

அப்போதுதான் ஒகாபே முதல் வாய் குடித்தார். "அக்கா, என்ன இது? மழைத்தண்ணிய சுட வச்சு ஊத்திட்டியா?"

அகேமி கரண்டியால் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்ற வேண்டிய உப்புச்சாற்றைப் பேச்சு சுவாரசியத்தில் மறந்திருந்தாள். இரண்டு கிண்ணத்திலும். அவள் பார்வை நெமோத்தோவின் காலிக் கிண்ணத்துக்குப் போனது.

"உனக்கு மட்டும் போட மறந்துட்டேன் ஒகாபே" என்றாள். "அவருக்குச் சரியாப் போட்டேன்."

ஒகாபே வேறு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார். கதவு மூடியது.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி."

அகேமி விரல்விட்டு எண்ணுவதுபோல் கையைப் பார்த்தாள். "அப்ப ஏப்ரல்ல..."

"ஆமா."

"கருவாடு ரெண்டு கை கூட்டச் சொன்னீங்க. கூட்டினேன். பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. எனக்கே கசக்குது. ஆனா நீங்க சொல்லிட்டீங்களே, எனக்குத்தான் வயசாகி வாய் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருக்கலாம். கரண்டியை எறிந்திருக்கலாம். அதற்குப் பதில் புதுக் கிண்ணத்தில் உப்புச்சாற்றை அளந்து ஊற்றி, சூப்பு ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். "இதக் குடிச்சுப் பாருங்க. நெஜத்தச் சொல்லுங்க."

நெமோத்தோ ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடவில்லை.

"சூடா இருக்கு" என்றார்.

எட்டு மாதத்தில் ஒரு சூப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அகேமி திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். கிண்ணத்தில் பாதிக்குமேல் மிச்சமிருக்க, அவர் தலைகுனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார். "அடுத்த தடவ வாங்க" என்று அவள் சொல்லவில்லை.

டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். அடுத்த கடை இரண்டு நிறுத்தம் தள்ளி. அங்கேயும் ஏப்ரலில் ஏதோ கூட்டச் சொன்னார். எதை என்று ஞாபகமில்லை. இவர் பேச்சைக் கேட்ட கடைகள் இன்னும் பதினெட்டு. டிராம் வந்தது, கதவு திறந்து காத்திருந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது டிராமின் ஓட்டுநர் இவரை ஏறச்சொல்லி மணியடித்தார். நெமோத்தோ இல்லை என்று கையாட்டினார்.