சும்மா இருக்கும் குழு

விசில் டீச்சருக்கு நாற்பத்திரண்டாவது வயதில் மறுபடி படிக்கும் ஆசை வந்தது. பதினெட்டு வருடம் ஊரார் பிள்ளைகளையெல்லாம் மைதானத்தில் ஓடவிட்டு, தான் மட்டும் மர நிழலில் நின்று விசில் ஊதியவள் அவள். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் இரண்டு வருட விடுப்பு வாங்கி, ஊட்டச்சத்தும் உடற்பயிற்சியும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், பேராசிரியர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். இவளும் பழக்க தோஷத்தில் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தனக்கு இடம் தேடினாள்.

பட்டம் கிடைக்க ஓர் ஆய்வு செய்து முடிக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்க்கும் நாற்பது பெண்கள். இருபது பேர் பன்னிரண்டு வாரம் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பார்கள். மற்ற இருபது பேர் எதையும் மாற்றாமல் எப்போதும்போல இருப்பார்கள். கடைசியில் இரண்டு குழுவின் சர்க்கரையையும் ஒப்பிட்டால் நடையின் பலன் பளிச்சென்று தெரிந்துவிடும். நடப்பவர்களைவிட சும்மா இருப்பவர்கள்தான் முக்கியம் என்று வழிகாட்டிப் பேராசிரியை நூறு தடவை சொல்லியிருந்தார்.

முப்பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். நாற்பதாவது ஆளுக்கு நாயாய் அலைந்து, கடைசியில் டீச்சர் தன் அக்காவிடமே போய் நின்றாள். அக்கா கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் பதினேழு வருடமாக ஒரே நாற்காலியில் இருப்பவள். முதல் மாடிக்குப் போவதற்கும் லிஃப்ட் வரும்வரை காத்திருப்பாள்.

"தனியா நடக்க வெக்கமா இருக்கும்டி குட்டி. நீ கூட வருவேல்ல?"

"நடக்கிறவங்களோட தினமும் நான்தானேக்கா போகணும்."

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள். யார் எந்தக் குழு என்பது குலுக்கலில்தான் என்று படிவத்தில் எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. "சொந்தக்காரங்க வேணாம்மா, பின்னாடி தலைவலி" என்று பேராசிரியை தயங்கினார். "எங்க அக்கா சொன்ன பேச்சு தட்டாது மேடம்" என்று டீச்சர் அடித்துச் சொன்னாள்.

குலுக்கல் அன்று குமாஸ்தா டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க, டீச்சர் பிரித்துப் படித்தாள். அக்கா சும்மா இருக்கும் குழுவில் விழுந்தாள்.

"அப்போ நான் நடக்க வேணாமா?"

"பன்னெண்டு வாரம்தான்க்கா. அப்புறம் உனக்கும் சொல்லித் தரேன். அதுவரைக்கும் எப்பவும்போல இரு, அது போதும்."

நடக்கும் குழுவுக்கு ஷூ கொடுத்தார்கள். அடுக்கியிருந்த பெட்டிகளை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுல எனக்கு ஒண்ணு?" என்று கேட்டதற்கு, "அது நடக்கிறவங்களுக்கு" என்றாள் டீச்சர். அக்கா குழுவுக்குக் கிடைத்தது ஆளுக்கொரு நோட்டு. 'இன்று வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் செய்தீர்களா?' என்ற கேள்விக்கு அதில் தினமும் பதில் எழுத வேண்டும்.

பன்னிரண்டு வாரமும் ஓடிவிட்டது. கடைசிச் சோதனைக்கு எல்லோரும் வந்தார்கள். முப்பது மீட்டர் நடைவழியின் இரு முனையிலும் கூம்பு வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளப்பது வழக்கம். முதல் சோதனையில் நாலாவது நிமிடமே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, இப்போது மூச்சு வாங்காமல் ஒன்பது தடவை போய்த் திரும்பிவிட்டாள். அவள் திரும்பும்போதெல்லாம் அவளுடைய ஷூ டீச்சரின் கண்ணில் பட்டது. மலிவான கான்வாஸ் ஷூ, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. டீச்சர் தூரத்தைக் குறித்துக்கொண்டாள். ஷூவைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நடந்த குழுவுக்குச் சர்க்கரை சராசரியாகப் பன்னிரண்டு புள்ளி இறங்கியிருந்தது. நடக்காத குழுவுக்குப் பதினொன்று.

"நடந்தாலும் ஒண்ணுதான், நடக்காட்டியும் ஒண்ணுதான்னு உங்க ஆய்வு சொல்லுதேம்மா" என்றார் பேராசிரியை. "நடக்காதவங்க நடந்திருக்காங்க. விதியை மீறினோம்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. மறுபடி நாப்பது பேரைப் பிடிச்சு முதல்லேர்ந்து செய்யணும்."

விடுப்பு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. பட்டம் போயிற்று என்று டீச்சருக்குப் புரிந்தது. நேரே கூரியர் ஆபீசுக்குப் போனாள்.

"அக்கா, நீ நடந்தியா?"

அக்கா ஒரு பார்சலை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டினாள். "நடந்தேன். ரெண்டாவது வாரத்துலேர்ந்து, தினமும் காலையில. நான் மட்டும் இல்ல, உன் சும்மா இருக்கிற கும்பல்ல பதிமூணு பேரு."

"அவங்களை யாரு சேத்தது?"

"நான்தான்."

"நோட்டுல எண்பத்துநாலு நாளும் இல்லை, இல்லைன்னு எழுதியிருக்கே! கூடப் பொறந்தவளே நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேக்கா. என் ரெண்டு வருஷம் மண்ணாப் போச்சு." வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "எனக்குச் சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொன்னதே நீதான். அப்புறம் நீயே எப்பவும்போல இருன்னு சொன்னே. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஆடலயேடி."

"சீட்டு அப்படி விழுந்துது. நான் என்னக்கா பண்ணுவேன்?"

"சீட்டை நான் குறை சொல்லல. அதைப் பிரிச்சுப் பார்த்ததும் நீ சிரிச்சே. நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

டீச்சர் சிரித்தது உண்மை. நடக்கும் குழுவில் விழுந்தால் அக்கா நாலாம் நாளே முழங்கால் வலி என்று நின்றுவிடுவாள். சும்மா இருப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆய்வு தப்பித்தது என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது. அக்காவின் சர்க்கரை அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை. அந்தச் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

எழுதி வாங்குவதற்காக டீச்சர் கொண்டுவந்திருந்த படிவத்தை அக்கா கண்ணாடி இடுக்கு வழியாக வாங்கினாள். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தாள். விதியை மீறினேன் என்ற இடத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தாள். பிறந்ததிலிருந்து தங்கையைக் குட்டி என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை.

"பன்னெண்டு வாரம் முடிஞ்சுது. இனிமே நான் நடக்கலாமா, டீச்சர்?"

பின்னால் நின்றவர் பார்சலை நீட்டினார். டீச்சர் வழிவிட்டு நகர்ந்தாள்.