கரையாத வெள்ளை

ஸ்பெனர் வழுக்கி விரல் முட்டியைச் சிராய்த்தது. சுல்பா கையை உதறினாள், மறுபடியும் பிடித்தாள். வேனுக்கு அடியில், பழைய உரப்பை ஒன்றின் மேல் மல்லாந்து கிடந்தாள். துப்பட்டாவின் இரண்டு நுனிகளையும் பிடரியில் முடிந்திருந்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு எஞ்சினை எழுப்பவில்லை. சைலன்ஸர் குழாய் குளிர்ந்திருந்தது. குதிகாலை மணலில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். கிறீச்சென்று கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. அதன் பிறகு கையாலேயே கழன்று வந்தது.

வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்பு, வால் போல வயர். முனை வெள்ளையாக இருந்தது.

குசினி ஜன்னலில் ஒரு பால்மா டின் இருந்தது. அதற்குள் இதற்கு முந்தியது கிடந்தது. பெப்ரவரியில் மதுரங்குளி கராஜ்காரன் லோறன்ஸ் அதைக் கழற்றி வீசப் போனபோது, "என்ட சாமான், என்னட்டத் தாங்க" என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே வெள்ளை.

ஒட்சிசன் சென்சர் என்று லோறன்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தான். எஞ்சின் விடுகிற புகையை மோந்து பார்த்து, பெற்றோல் கூடவா குறையவா என்று சொல்வதுதான் அதன் வேலை. அது பொய் சொல்லத் தொடங்கினால் எஞ்சின் கண்டபடி பெற்றோல் குடிக்கும். முன்னால் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இந்த வருடம் அந்த விளக்கு இரண்டாவது தடவையாக எரிகிறது. போன வாரம் புகைப் பரிசோதனையிலும் வேன் தவறிவிட்டது. அது தேறாமல் அடுத்த வருட லைசன் இல்லை. பழைய லைசன் திங்கட்கிழமையோடு முடிகிறது. இன்று சனி.

ஆலங்குடாவில் இருந்து கற்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பதினாலு பிள்ளைகள் அவளுடைய வேனில் போகிறார்கள். அதில் இரண்டு பேர் கடைக்கார ஜபாருடைய பிள்ளைகள். வியாழக்கிழமை ஜபார் கடைவாசலில் நின்று, அவளுக்குக் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னார்.

"மாசத்துக்கு ஒருக்கா வேன் கராஜில நிக்குது. திங்கட்கிழமைக்குள்ள சரிவரல்லண்டா எல்லாப் பிள்ளைகளையும் அக்ரம்ட வேனுக்கு மாத்துவம். பொம்புளையளுக்கு ஓட்ட ஏலும், சரி. எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் அன்று பின்னேரமே லோறன்ஸிடம் போனாள். அவன் ஸ்கேன் பெட்டியைச் செருகிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"திரும்பவும் சென்சர் எண்டுதான் காட்டுது அக்கா. புதுச் சென்சர் மூணு மாசத்தில சாகாது. எஞ்சின்ட கம்பியூட்டர் பெட்டி போயிட்டுப் போல. எல்லாம் உப்புதான். உங்கட பக்கத்துக் காத்து அப்பிடி."

இந்தக் கரையில் எது பழுதானாலும் பழி உப்பின் மேல்தான் விழும். கூரைத் தகடு ஓட்டையானால் உப்பு. மின்விசிறி நின்றால் உப்பு. மருமகன் முகத்தை நீட்டிக்கொண்டு போனால்கூட உப்புக்காற்று என்று சொல்ல ஆள் இருக்கும்.

சுல்பாவுக்கு உப்பைத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து உம்மாவின் மடியில் படகில் வந்து இறங்கியபோது அவளுக்கு வயது ஆறு. பதினாறில் பாலாவி உப்பளத்துக்குப் போனாள். ஆறு வருடம் உப்பு வாரினாள். பாத்தியில் கட்டுகிற உப்பு எந்த வெள்ளை, வெயிலில் காய்ந்தது எந்த வெள்ளை, மூட்டையில் கிடந்து ஈரம் குடித்தது எந்த வெள்ளை என்று தூரத்தில் நின்றே சொல்வாள். கலியாணத்துக்குப் பிறகு பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் மழையில் பஸ் இல்லாமல் நிற்பதை இரண்டு மாரி பார்த்துவிட்டு, மூன்றாவது மாரிக்கு முன் சாரதி லைசன் எடுக்கப் போனாள். பரீட்சைக்கு வந்த நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். "வேன் ஓடுற பொம்புளட வீட்டில சோறு ஆர் ஆக்குற?" என்று ஊரில் கேட்டார்கள். அவளுடைய புருஷன் நூர்தீன், "நான்தான். மீன் ஆணம் எப்பிடி வைக்கிற எண்டு வேணுமெண்டா வந்து கேளுங்க" என்றான். அதன் பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள். பதினொரு வருடமாகிறது. பள்ளிக்கூட மணிக்குப் பிந்தி அவள் ஒரு நாளும் பிள்ளைகளை இறக்கியதில்லை.

பீங்கான் கோப்பையில் தண்ணீர் எடுத்தாள். பிளேட்டால் சென்சர் முனையைச் சுரண்டித் தண்ணீரில் கொட்டினாள். ஒரு கரண்டியால் கலக்கினாள். வெள்ளை அப்படியே சுழன்றது. நின்றதும் அப்படியே அடியில் படிந்தது. ஈர விரலால் ஒரு துளி தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். ருசி ஒன்றும் இல்லை. பல்லில் மணல் போல நெரிந்தது.

உப்பு என்றால் கரைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன? வேனுக்குத் திரும்பிப் போனாள். அந்த வேனுக்கு எஞ்சின், சாரதி இருக்கையின் கீழே. இருக்கையைத் தூக்கிய உடனே மூக்கில் வினாகிரி மணம் ஏறியது. எஞ்சினின் மேல்மூடியைச் சுற்றி, கோடு போட்டது போல நேராக, ஒரு விரல் அகலத்துக்குச் சிலிக்கன் பசை. தொட்டால் இன்னும் ஒட்டியது.

நேற்று வெள்ளிக்கிழமை.

நூர்தீன் படகு எஞ்சின்காரன். வெள்ளிக்கிழமைகளில் அவனும் கூட்டாளிகளும் கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு முன் எஞ்சின்களைக் கழுவி, கசிவுகளை அடைத்துவிட்டுத்தான் குளிப்பார்கள். படகில் எந்த ஓட்டைக்கும் சிலிக்கன்தான் மருந்து. ஜனவரியில் வேனின் மேல்மூடியில் எண்ணெய் கசிகிறது என்று அவள் சொன்ன அன்றிலிருந்து, வேனும் அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் சேர்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு அவன் மீன் பையோடு வந்தான்.

"என்ன புள்ள, எஞ்சினக் கழட்டி வித்துப் போடுவாய் போல?"

"நேத்தும் இதில சிலிக்கன் போட்டீங்களா?"

"ஓம். கொஞ்சம் ஈரமா இருந்திச்சு. ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல்ல."

"எப்பிடி ஒழுகும்? நான் அடைச்ச படகு ஒண்டு தண்ணி குடிச்ச கதை இந்தக் கரையில இருக்கா?"

"இல்ல."

"பிறகென்ன?"

"வெளிய ஒழுகல்ல. உள்ளுக்குப் போகுது. இங்க வந்து பாருங்க."

கோப்பையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். "உப்பு" என்றான்.

"உப்பெண்டா கரையணும்."

அவன் அவளைப் போலவே விரலை வைத்து நக்கினான், துப்பினான். மறுபடியும் விரலை விட்டுக் கலக்கிப் பார்த்தான். கடலில் பிடித்ததைக் கீழே வைக்கவே மறந்துவிட்டான். மீன் பையில் இருந்து அவன் காலில் தண்ணீர் சொட்டியது.

"லோறன்ஸ் சொல்லட்டும்" என்றான் கடைசியில்.

சென்சரைத் திருப்பிப் பூட்டிவிட்டு, பால்மா டின்னையும் எடுத்துக்கொண்டு மதுரங்குளிக்குப் புறப்பட்டார்கள். பக்கத்து இருக்கையில் நூர்தீன் அந்தச் சிலிக்கன் குழாயை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தான், கைதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் பொலிஸ்காரனைப் போல.

லோறன்ஸ் குழாயின் மேலிருந்த எழுத்தை வாசித்தான். இருக்கையைத் தூக்கி மோந்து பார்த்தான். பால்மா டின்னில் கிடந்த சென்சரை வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"இது மீன் தொட்டி ஒட்டுற சிலிக்கன் அக்கா. படிக்கக்குள்ள எங்களுக்குச் சொல்லித் தந்தவங்க, நான் மறந்திட்டன். இது காயிற வரைக்கும் ஆவி விடும். எஞ்சின் அந்த ஆவியையும் காத்தோட சேர்த்து இழுத்து எரிக்கும். எரிஞ்சு மிஞ்சுறது கண்ணாடித் தூள் மாதிரி. அது போய்ச் சென்சரில படிஞ்சா சென்சருக்கு மூக்கடைப்புத்தான்."

"அப்ப நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்..." என்றான் நூர்தீன்.

"ஓம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

சென்சரை டின்னுக்குள் போட்டுக்கொண்டே லோறன்ஸ் கேட்டான்.

"ஆர் அக்கா உங்களுக்குச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. தண்ணியில போட்டுப் பார்த்தன்."

"நான் கம்பியூட்டர் பெட்டிக்குச் சொல்லி வைக்க இருந்தன்."

"மாத்தியிருப்பீங்க. லைட் அடுத்த மாசமும் வந்திருக்கும்."

லோறன்ஸ் தலையாட்டினான். எழுந்து போய், முந்தலில் உள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போன் எடுத்தான். மேல்மூடிக்குப் பொருத்தமான, கசிவைத் தடுக்கும் ரப்பர் கெஸ்கட்டும் புதுச் சென்சரும் அங்கே இருந்தன. அவற்றைக் கொண்டுவர ஆள் போன நேரத்தில் நூர்தீன் மேல்மூடியைக் கழற்றினான். கராஜ் ஆட்களைக் கைவைக்க விடவில்லை. ஐந்து மாதத்துச் சிலிக்கனைப் பிளேட்டால் உரித்து, பெற்றோல் துணியால் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்து, மறுபடியும் துடைத்தான். ரப்பரை இருத்தி மூடியைப் பூட்டினான். கடைசி ஆணியையும் இறுக்கிவிட்டு, பசை தடவுவது போல விரலால் மூடியை ஒரு தரம் சுற்றித் தடவினான். பழக்கதோஷம்.

புதுச் சென்சரோடு லோறன்ஸ் குனிந்தான்.

"தாங்க" என்றாள் சுல்பா.

அவன் ஸ்பெனரைக் கொடுத்தான். அவளே அடியில் போய் அதைப் பூட்டினாள். லோறன்ஸ் ஸ்கேன் பெட்டியால் பழைய பிழைக் குறியை அழித்தான். விளக்கு அணைந்தது.

"அழிச்சா அணையிறது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வருமா எண்டதுதான் கதை" என்றாள்.

"வராது அக்கா."

"பார்ப்பம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய கண் ரோட்டுக்கும் விளக்குக்குமாக ஓடியது. பாலாவிச் சந்தியில் ஒரு பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போனது.

"நீ பாதையப் பாரு" என்றான் நூர்தீன். "லைட்ட நான் பாக்குறன்."

ஆலங்குடா வரும் வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. விளக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே நுரைச்சோலை வரை போய் வந்தாள். வரவில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் புத்தளம் போனாள். புகைப் பரிசோதனைக்காரன் சைலன்ஸருக்குள் குழாயைச் செருகி, எஞ்சினை முறுக்கச் சொல்லி, திரையைப் பார்த்தான். கடுதாசியைக் கிழித்து நீட்டினான். தேறியிருந்தது. அன்றே லைசனையும் எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டினாள்.

பின்னேரம் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வருகையில் ஜபார் கடைவாசலில் நின்றார். நூர்தீனும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். ஜபார் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் குனிந்து வாசித்தார்.

"சரிவந்திட்டா? எந்த மெக்கானிக் பிழையக் கண்டுபிடிச்ச?" என்று நூர்தீனைக் கேட்டார்.

"என்ட பொஞ்சாதி."

ஜபார் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்ப பிழை செஞ்ச ஆரு?"

"அது நான்தான்" என்றான் நூர்தீன். அங்கே இருந்த ஆறேழு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஐஞ்சு மாசமா நான் பழுதாக்கினத இவள் ஒரு கோப்பைத் தண்ணியில கண்டுபிடிச்சவள். லோறன்ஸே வாயப் பொத்திக்கொண்டு இருந்தான்."

சுல்பா கியரைப் போட்டாள். இன்னும் இரண்டு பிள்ளைகளை இறக்க இருந்தது. வளைவு தாண்டிய பிறகுதான் சிரித்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு வேன் புறப்பட்டது. பதினாலு பேரும் ஏறினார்கள். ஜபாருடைய மகள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு வந்திருந்தாள். ஜபார் பின்னால் ஓடிவந்து ஜன்னலால் கொடுத்தார். கற்பிட்டியில் மணியடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. திரும்பி வந்து வேனைக் கழுவினாள். மதியம் பாரை மீன் ஆணம். நூர்தீன்தான் ஆக்கினான், புளி கொஞ்சம் கூடிவிட்டது. பின்னேரம் உப்புக்காற்று பலமாக இருந்தது. விளக்கு எரியவில்லை.