சொல்லிக் கொடுக்கச் சொன்ன அக்கா

என்னை வளர்த்த அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதத் தம்பி என்ற உரிமை எனக்கு இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாகக் கப்பலேறி, போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள கச்சால் தீவுக்கு வந்தார். அம்மா போன பிறகு ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரப்பர் பால் வெட்டப் போனார். அந்தக் கூலியில்தான் நான் படித்து, போர்ட் பிளேரில் ஆசிரியரானேன். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். ஓய்வுக்குப் பின் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் என்னோடு இருந்தார்.

கச்சாலில் இருக்கும் தோழியோடு பேச அக்காவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு எப்போதும் அவசரம். அவர் தடவிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி, எண்ணைப் போட்டுக் கையில் திணித்துவிடுவேன்.

"ஏன்டா தம்பி, சொல்லிக் குடுன்னா செஞ்சு குடுக்கிற?"

"அரே அக்கா, நான் இருக்கேன்ல? ஒனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

பாசம் என்றுதான் நினைத்தேன். பள்ளியிலும் இதே பாசம்தான். பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குமுன் விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எல்லாரும் பாஸ். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பள்ளியை விட்டுப் போனபின் அவர்கள் தாமாக எதையாவது கற்றுக்கொண்டார்களா என்று நான் கேட்டதே இல்லை.

நெஞ்சுவலி வந்த அன்று அக்கா வீட்டில் தனியாக இருந்தார். நான் வகுப்பில் விடைகளை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் பைக்குள் சைலண்டில் கிடந்தது. பிறகு பார்த்தால், அக்கா எண்ணிலிருந்து மிஸ்டு கால்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பள்ளிக்கும் தகவல் வந்திருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு வங்காளி அம்மாதான் அக்கா போனிலிருந்து அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

வார்டில் என்னைக் கண்டதும் அக்கா சிரித்தார்.

"நானே அடிச்சேன்டா தம்பி. பக்கத்து வீட்டுத் தீதி கத்துக்குடுத்துச்சு. நீதான் எடுக்கல."

மறுநாள் போய்விட்டார்.

இப்போது கேள்வியை மட்டும் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் தப்பும் தவறுமாக முயல்கிறார்கள். கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அக்கா இருக்கும்போது வந்திருக்க வேண்டிய புத்தி.

கப்பல் பிடித்து வந்து கடைசிக் காரியங்களில் நின்ற கச்சால் சொந்தங்களையும், தோள் கொடுத்த சக ஆசிரியர்களையும் கைகூப்பி வணங்குகிறேன். பக்கத்து வீட்டு அம்மா, நீங்கள்தான் அக்கா தப்புத் தப்பாக அமுக்கியபோதெல்லாம் போனைப் பிடுங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தீர்கள். அக்காவுக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டியவன் நான். உங்களுக்கு நன்றி சொல்லும்போதும் எனக்குத் தலை நிமிரவில்லை.