குறி பார்க்கும்போது பேசுங்கள்

வாயில் ஒன்றுமே இல்லாமல் நான் மென்றுகொண்டிருந்தேனாம். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி மேரி.

சுனாமிக்கு மறு வருடம் அது. முத்தியால்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன். மாலையானால் மாதா கோயிலுக்குப் பின்னால் பெத்தாங் ஆட்டம். தள்ளிக் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை எறிந்து நிறுத்த வேண்டும். எறிபவன் குறி பார்க்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அது ஆட்டத்தின் மரியாதை.

நான் நெடுநேரம் குறி பார்ப்பவன் என்று பேர் வாங்கியிருந்தேன். "மரியதாஸ் குறி பாக்க ஆரம்பிச்சா பூசையே முடிஞ்சிடும்" என்பார் கப்ரியேல் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் அணியின் மூத்தவர். எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே என்னை அழைத்துப்போக மேரி வந்தாள். கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

"பேசாதம்மா, குறி பாக்குறாரு" என்று அடக்கினார் அண்ணன்.

அவள் நேராக ஆடுகளத்துக்குள் வந்து என் தோளை உலுக்கினாள். "வாயில ஒண்ணுமில்ல. என்னத்த மெல்லுறீங்க?"

குண்டு என் காலடியில் கிடந்தது. அது கையை விட்டுப் போனது எனக்குத் தெரியாது.

நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார் (தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளை வரைந்து பார்க்கும் சோதனை). வலிக்காது. தலையில் பூசும் பசைதான் லேசில் போகாது, சீயக்காய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த நோய் வலிப்பு. கைகால் உதறும் வகை இல்லை. ஆள் நின்றபடியே இருக்க, நினைவு மட்டும் சற்று நேரம் போய்விடும் வகை.

"குறி பாக்குறது தப்பா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "கண்ண மூடிச் சும்மா இருந்தீங்க பாருங்க, அப்போ பின்மூளையில நிறைய செல்லுங்க ஒரே தாளத்துல ஆடுது. அலை பெருசா வருது. கண்ணத் திறந்து ஒண்ண உத்துப் பாத்தா அந்த அலை அடங்கிடும். அதது அதோட வேலைய பாக்கப் போயிடும். இங்க பாருங்க, இது வலிப்போட அலை. ஒரு பக்கத்துல இருக்கறதெல்லாம் ஒண்ணா சேந்து கத்துது. இந்த நேரத்துல நீங்க எதையும் பாக்கல. கண்ணு மட்டும் திறந்திருக்கு."

எங்கள் பட்டறை மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். கரண்ட் போனால் எல்லோரும் சேர்ந்து ஒரே பாட்டை முணுமுணுப்போம். கரண்ட் வந்தால் பாட்டு நின்றுவிடும், ஆளுக்கொரு மெஷின். எல்லோரும் ஒரே மெஷின் மேல் விழுந்தால் அதுதான் வலிப்பு.

மாத்திரை கொடுத்தார். வண்டி ஓட்டக் கூடாது, லேத்தைத் தொடக் கூடாது, ஒரு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். எனக்குத் தெரிந்தது லேத் ஒன்றுதான். பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். அழுகையாக வந்தது. ஆனால் லேத்தை விடுவதாக இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வந்துபோவதே எனக்குத் தெரியாதபோது, வரவில்லை என்று எப்படிச் சொல்வது? நான் வெறித்து நின்றால் ஊரே மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும்.

கப்ரியேல் அண்ணனிடம் போனேன். "நான் குறி பாக்கும்போது ஏதாவது கேளுங்கண்ணே. பதில் சொல்றனா பாருங்க."

"ஆட்டக்காரன் நிக்கும்போது பேசுறதா? எங்கப்பன் காலத்துலேந்து இல்லடா அது."

"வாய மூடி மூடித்தான் எனக்கு இது இருக்கறதே தெரியாமப் போச்சு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் நான் குண்டை எடுத்ததும், வேண்டா வெறுப்பாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேரி என்னா கொழம்பு வெச்சுது?" என்றார். "வஞ்சிரம்" என்றேன். எதிரணி சிரித்தது. அதுவே வழக்கமாயிற்று.

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. நினைவு திரும்பியபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒரு வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் ஆட்டத்துக்குப் போனேன்.

நீங்களும் இந்த நோயோடு இருப்பவர் என்றால் ஒன்று சொல்வேன்: மறைக்காதீர்கள். உங்களைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். உங்கள் மௌனத்தைக் கெடுக்கத் துணிந்தவராக அவர் இருக்கட்டும்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு எனக்கு வலிப்பு வரவில்லை. ஒரு வருடம் முடிந்து மருத்துவர் சம்மதித்த அன்று மெஷினைத் தொட்டேன். இரும்புச் சீவல் சுருண்டு விழுவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, நடுவில் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்தேன். முன்பெல்லாம் நேரம் தானாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு கணத்திலும் நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்க்கிறேன். கண் திறந்திருப்பதை மட்டும் நம்புவதில்லை.

அன்று மாலை குண்டை எடுத்து நின்றேன். மரக்குண்டின் மேல் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது.

"என்னா கொழம்பு?" என்றார் அண்ணன்.

"சும்மா இருண்ணே" என்றேன். "பாத்துக்கிட்டிருக்கேன்."