மூடும் பட்டன்

ஸ்கூல் பஸ் ஓட்டும் டிரைவருக்கு உறவென்று இருந்தது அக்கா ஒருத்திதான். வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டாள். தெருவே அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தது. பக்கவாதம் வந்து அந்தப் பேச்சையும் வலது கையையும் ஒரே அடியில் பறித்துக்கொண்டது. இப்போது கட்டிலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். இடது கையில் ஒரு விரல்தான் தட்டும். அதுவும் மரத்துக்கொண்டே வந்தது.

அவர் வேலைக்குப் போனதும் அக்கா ஏதோ தட்டுவாள். திரும்பி வந்து பார்த்தால் திரை காலி. ஒருநாள் கண்ணெதிரிலேயே நடந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மவுஸ் அம்பு மூலைக்கு ஓடி, விண்டோவை மூடும் பட்டனில் பட்டு, எழுதியதெல்லாம் போச்சு.

“என்னக்கா, கை வழுக்கிடுச்சா?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த விரலும் நின்றுபோனால் அவள் மனதில் இருப்பதை இந்த ஜென்மத்தில் கேட்க முடியாது. பட்டனைச் சின்னதாக்கினார். நிறம் மங்கவைத்தார். இடது மூலைக்கு மாற்றினார். மவுஸ் அங்கேயும் தேடிப் போனது. பஸ் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மனுஷன், செட்டிங்ஸ் ஃபைலின் முன்னால் முழி பிதுங்கி உட்கார்ந்தார். ஒருமுறை விண்டோவின் மேல்பட்டையே மொத்தமாகக் காணாமல் போனது. தலையில் அடித்துக்கொண்டு பழையபடி மாற்றினார். கடைசியில் அந்த ஃபைலில் பட்டனுக்கு ஒரு எழுத்து இருப்பதும், எந்த எழுத்து எந்தப் பட்டன் என்பதும் பிடிபட, மூடும் பட்டனுக்கான எழுத்தை அழித்தார். ஒழிந்தது சனியன்!

“இனிமே தைரியமா எழுதுக்கா. என்ன பண்ணாலும் மூடாது.”

அக்கா பலமாகத் தலையை ஆட்டினாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று அவராக நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கதவைத் திறந்தபோது மவுஸ் அம்பு மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருந்தது. இருந்த பட்டனைக் காணோம்; ஒவ்வொரு எழுத்தாக அழிக்க அந்த விரலில் தெம்பும் இல்லை. அக்காவின் கன்னமெல்லாம் கண்ணீர்.

திரையில் இருந்தது: ‘முடியலடா தம்பி. உன் வாழ்க்கையும் என்னால வீணாப்போகுது. என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு.’

தினமும் இதைத்தான் எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, அவர் கண்ணில் படாமல் அவளேதான் மூடியிருக்கிறாள். கை ஒருநாளும் வழுக்கவில்லை.

அக்கா மவுஸை விட்டுவிட்டு, இருந்த ஒரு கையால் திரையை மறைத்தாள். அதற்குள் அவர் படித்து முடித்திருந்தார்.