திரும்பப் பூட்டிய கதவு

கம்பியண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே பெட்டி மாதிரி ஒரு பூட்டுக்கடை. கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஆனால் வீட்டுக்காரர் எதிரே வந்து நிற்காமல் எவர் பூட்டிலும் கம்பியை விடமாட்டார். தொழிலுக்கு அவர் போட்ட வேலி அது ஒன்றுதான்.

அன்றைக்கு அந்த வேலியும் சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்து, மூன்றாம் மாடியில் ஒரு கதவின் முன்னால் நிறுத்தினார். தையல் ஆலையில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற பெண்ணின் வீடு. அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

அந்தப் பூட்டை அவரிடம்தான் வாங்கியிருந்தாள். அன்றைக்குக் கடையில் நடந்த பேச்சு நினைவுக்கு வந்தது.

"நல்ல பூட்டா குடுங்கண்ணே. கோர்ட்டு உத்தரவு இல்லாம போலீஸ்கூட வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துல இருக்கு. இருந்தாலும் பயமா இருக்கு."

"சட்டத்துல இருக்கறது பூட்டுக்குத் தெரியுமாம்மா?"

"பூட்டுக்குத் தெரியாட்டி போகுது, உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சே!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது முள்ளாகக் குத்தியது.

"என்ன மாமா, பூட்டைப் பார்த்து ஜோசியம் சொல்றீங்களா?" என்றான் கூட வந்த கான்ஸ்டபிள். அவர் மனைவியின் தம்பி.

"உத்தரவு இருக்கா மாப்ளே?"

"இன்ஸ்பெக்டரே நிக்கிறாரு, வேற என்ன உத்தரவு? எங்கக்கா சோறு திங்கணுமா வேணாமா?"

கை புத்தியை முந்திக்கொண்டது. பூட்டின் நாக்கு உள்ளே போய், கதவு விரலளவு விலகியது. கொடியில் அவளுடைய உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கதவை வெடுக்கென்று இழுத்துச் சாத்தினார். கம்பியை எதிர்ப்பக்கம் திருகினார். நாக்கு மறுபடி வெளியே வந்து மாட்டிக்கொண்டது.

"யோவ், என்னய்யா பண்றே?"

"உத்தரவு வாங்கிட்டு வாங்க சார். அந்தப் பொண்ணு எதிர்ல நிக்கட்டும், நானே தொறக்கறேன்."

எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். மேல்மாடியிலிருந்தும் தலைகள் நீண்டன. கதவை உடைத்தால் ஊர் பேசும் என்றுதானே இவரைக் கூட்டிவந்தார்கள்? இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு நீ கடை தொறக்கறதைப் பார்க்கறேன்."

இரவெல்லாம் புரண்டார். மனைவி வாய் ஓயாமல் திட்டினாள்.

விடிந்து போனால், கடையில் போலீஸ் பூட்டு. அவரே ஸ்டேஷனுக்கு விற்ற பூட்டு. கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடலாம். விரல்கள் துடித்தன. சட்டைப்பைக்குள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண் ஓடிவந்தாள். "எந்த உத்தரவுலண்ணே பூட்டினாங்க?"

"அதைத்தான் கேக்கப் போறேன். கோர்ட்டு எந்தப் பக்கம்? நட, காட்டு."