கல் விட்ட கை

வெளியூர் போவதென்றால் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் கட்டுச்சோறு இல்லாமல் லாரியில் ஏறமாட்டார்கள். மலாயாவின் அவசரகாலத்திலோ வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக்கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், பிடிபட்டால் ஜெயில். வாத்தியார் எங்களையெல்லாம் மலாக்கா சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போகிறார் என்றதும், வெறுங்கையோடு போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்டுவிட்டாள் அத்தை.

புளிச்சோற்றை இலையில் சுற்றி, துணியில் முடிந்து, சேலைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளையில்லாதவள் என்பது தோட்டத்துக்கே தெரியும். கேட்டில் நின்ற புது மலாய்க்காரக் காவலருக்குத் தெரியாதே. "துஜூ பூலான்," என்றாள் அத்தை. ஏழு மாதமாம்! பாவம், அந்த மனிதர் லாரியில் ஏறுவதற்குப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். வளைவு திரும்பும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் சிரிப்பு அடங்கவேயில்லை.

முதலில் பெங்கலான் கெம்பாஸ். அங்கே பழங்காலத்துக் கல் ஒன்று, நடுவில் கை நுழையும் துளையோடு நிற்கிறது. பொய் சொல்லிக் கையை விட்டால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றார் வாத்தியார். அம்மா சும்மா இருப்பாளா?

"கேட்டுல சொன்னத இங்க சொல்லு லா, பாப்போம்!"

"சொன்னா என்னா?"

வீம்பில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. வளையல்களை மேலேற்றிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டாள்.

"என் வயித்துல புள்ள இருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தையைக் கல்லோடு விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பப்போகிறோம் என்று நினைத்தேன். கை லேசாக வெளியே வந்தது. எல்லாரும் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அத்தை மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலாக்கா மியூசியத்தில் டச்சுக்காரர்களின் பீங்கான் தட்டுகளைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து பார்த்தோம். அத்தனையும் காலித்தட்டுகள். கோட்டை வாசல் நிழலில் அத்தை முடிச்சை அவிழ்த்ததும் எழுந்த வாசத்துக்கு முன்னால் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர் எம்மாத்திரம்! கோட்டையை அன்று நாங்கள்தான் பிடித்தோம். சட்டம் பேசும் வாத்தியாரே மறுபடியும் கையை நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது கேட்டில் காவலர் மாறியிருப்பார் என்று மாமா சொல்லியிருந்ததால் யாருக்கும் பயமில்லை. மாமாதான் அத்தையின் கணவர். லாரி ஓட்டியவரும் அவரே. அத்தை ஒரு கையால் லாரிக் கம்பியையும் மறுகையால் ஒட்டிப்போன வயிற்றையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் மாமாவைப் பார்த்துக் கத்தினாள்.

"மெதுவா போங்க!"

சோறுதான் தீர்ந்துவிட்டதே, இனி எதற்கு மெதுவாகப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.